பொக்லைன் ஏற்றும் டிரெய்லரை நிறுத்துவது காற்றா, கரண்ட்டா? எந்த பிரேக் யாருக்குச் சரி?

திண்டுக்கல் பைபாஸில் அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். முன்னால் தாழ்வான, நீளமான ஒரு டிரெய்லர் போகும். அதன் மேல் ஒரு பொக்லைன், கையை மடக்கி உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒரு சிவப்புத் துணி காற்றில் படபடக்கும். பின்னால் வரும் கார்காரர் 'ஓவர்டேக் பண்ணலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா' என்று யோசிப்பார். அந்தச் சில விநாடிகளில் அவருடைய உயிர், அவர் பார்த்தே இராத ஒரு பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது.

பெங்களூருவில் இருந்து கரூர் வழியாக மதுரைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, கோவை, பழநி பக்கத்தில் இருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை 83, வத்தலக்குண்டு வழியாகத் தேனி, குமுளிக்குப் போகும் நெடுஞ்சாலை 183 என எல்லாமே திண்டுக்கல்லைத் தொட்டுத்தான் போகின்றன. சாலை வேலை, குவாரி, கிணறு, குளம் தூர்வாருதல், மில் கட்டுமானம் என்று ஏதாவது ஒரு வேலைக்கு இயந்திரங்கள் ஊர் மாறிக்கொண்டே இருக்கும்.

ஜேசிபி தன் சக்கரத்தில் தானே ஓடி வந்துவிடும். செயின் வைத்த பொக்லைன் அப்படி வர முடியாது. அதை யாராவது சுமந்துதான் வர வேண்டும். இப்போது சின்ன சைஸ் 'மினி' பொக்லைன்களும் வந்துவிட்டன. லோன் போட்டு ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் இணையத்தில் தேடினால், அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி இயந்திரம் இழுக்கும் வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் பலவற்றில் இருப்பது எலக்ட்ரிக் பிரேக். நம் ஊர் லோ பெட் டிரெய்லரில் இருப்பது ஏர் பிரேக். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? நமக்கு எது சரி?

முதலில், எடை என்ன செய்கிறது?

சாதாரணமாகக் குவாரியிலும் சாலை வேலையிலும் பார்க்கும் பொக்லைன் சுமார் 20 டன். அதைத் தூக்கும் டிரெய்லர், டிரைவர்கள் 'ஹார்ஸ்' என்று சொல்லும் இழுவை லாரி, எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தம் 40 டன்னை நெருங்கிவிடும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் 40 டன் வண்டியை நிறுத்த, பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 55 லட்சம் ஜூல். புரியும்படி சொன்னால், 17 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. பிரியாணி அண்டா ஒன்றைக் கொதிக்க வைக்கும் சூட்டைச் சில விநாடிகளில் டிரம்மும் லைனிங்கும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேகம் 80 ஆனால் இந்த ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிவிடும். வேகம் 20 கி.மீ. தானே கூடியது என்று நினைப்பது இங்கேதான் தப்பாகிறது.

டிரெய்லரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வண்டி ஒன்று இல்லை, ரெண்டு. முன்னால் இருக்கும் லாரி நன்றாக பிரேக் பிடித்து, பின்னால் இருக்கும் டிரெய்லர் சரியாகப் பிடிக்காவிட்டால், டிரெய்லர் லாரியை முதுகில் தள்ளும். தள்ளுவது கொஞ்சம் கோணலாக இருந்தால் லாரியும் டிரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும், அதுவும் லாரியோடு ஒத்துப்போகிற பிரேக்காக வேண்டும்.

ஏர் பிரேக்: காற்று எப்படி நிறுத்துகிறது?

இன்ஜினோடு ஓடும் ஒரு கம்ப்ரஸர் காற்றை அழுத்தி டேங்கில் நிரப்புகிறது. டிரைவர் பெடலை மிதித்தால் அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ள சேம்பருக்குப் போய், ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, அது டிரம்முக்குள் இருக்கும் ஷூவை விரிக்கிறது.

30 சதுர அங்குலப் பரப்புள்ள ஒரு சேம்பரில் 100 பிஎஸ்ஐ அழுத்தம் ஏறினால், தண்டைத் தள்ளும் விசை 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ. ஒரே ஒரு சக்கரத்துக்கு இவ்வளவு. காற்றை வைத்து 40 டன்னை நிறுத்த முடிவதன் ரகசியம் இதுதான்.

லாரியில் இருந்து டிரெய்லருக்கு ரெண்டு ஹோஸ் போகும். ஒன்று எப்போதும் அழுத்தத்தோடு இருந்து டிரெய்லரின் டேங்கை நிரப்பும். இது பெரும்பாலும் சிவப்பு. இன்னொன்று, டிரைவர் எவ்வளவு மிதிக்கிறார் என்ற தகவலைக் கொண்டுபோகும். ஓடும்போது டிரெய்லர் கழன்றுகொண்டாலோ, சிவப்பு ஹோஸ் பிய்ந்துபோனாலோ, அங்கே அழுத்தம் விழுந்ததை டிரெய்லரில் உள்ள வால்வு உடனே உணர்ந்து, டிரெய்லர் டேங்கில் மிச்சமிருக்கும் காற்றை எடுத்து பிரேக்கைப் பிடித்துவிடும். ஸ்பிரிங் பிரேக் உள்ள அச்சுகளில், காற்று முழுசாகப் போய்விட்டால் வலுவான ஸ்பிரிங் தானே விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கை விலக்கி வைப்பதே காற்றுதான். அதனால்தான் காலையில் 'ஏர் ஏறட்டும்' என்று டிரைவர் காத்திருக்கிறார். காற்று ஏறாமல் வண்டி நகராது.

இந்த எண்ணம் புதுசு இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்காக ஏர் பிரேக்கைக் கண்டுபிடித்தார். முதல் வடிவத்தில் காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் உடைந்தால் பிரேக்கே இல்லை. 1872-ல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார்: குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். பழுதானால் வண்டி ஓடக் கூடாது, நிற்க வேண்டும் என்ற அந்த யோசனையைத்தான் இன்றைய லோ பெட் டிரெய்லரும் சுமந்துகொண்டு போகிறது.

எலக்ட்ரிக் பிரேக்: கரண்ட் எப்படி நிறுத்துகிறது?

இங்கே டேங்க், ஹோஸ், கம்ப்ரஸர் எதுவும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கும். இழுக்கும் வண்டியின் டேஷ்போர்டில் ஒரு கன்ட்ரோலர் பெட்டி இருக்கும். டிரைவர் பிரேக் மிதித்ததும் அது டிரெய்லருக்குக் கரண்ட் அனுப்பும். காந்தம் சுற்றுகிற டிரம்மின் முகத்தில் ஒட்டும். டிரம் அதைத் தன்னோடு இழுக்கும். காந்தம் மாட்டியிருக்கும் நெம்புகோல் நகர்ந்து ஷூவை விரிக்கும். அதாவது நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி கரண்டில் இருந்து வருவதில்லை. சுற்றுகிற சக்கரமே தன்னை நிறுத்தும் வேலையைச் செய்கிறது. அதனால்தான் ஒரு காந்தத்துக்கு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் கரண்டே போதுமானதாக இருக்கிறது.

இதில் நிஜமான சில வசதிகள் உண்டு. எடை குறைவு. சாதாரண பிக்கப்பிலும் கன்ட்ரோலரை மாட்டலாம், காற்று வசதி தேவையில்லை. கரண்ட் உடனே போகும். காற்று நீளமான குழாயில் பயணிக்க நேரம் எடுக்கும். அரை விநாடி தாமதம் என்று வைத்துக்கொண்டாலும், 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 8 மீட்டர் போயிருக்கும். லோடுக்குத் தக்கபடி டிரெய்லர் பிரேக்கின் வலுவை டிரைவர் சீட்டில் இருந்தே கூட்டிக் குறைக்கவும் முடியும்.

அப்போ சிக்கல் எங்கே?

பழுதாகும்போதுதான். ஏர் பிரேக்கில் குழாய் அறுந்தால் வண்டி நின்றுவிடும். டிரைவர் திட்டுவார், டிராஃபிக் ஜாம் ஆகும், ஆனால் பழுது தெரிந்துவிடும். எலக்ட்ரிக் பிரேக்கில் ஒரு வயர் அறுந்தாலோ, எர்த் கனெக்‌ஷன் துருப்பிடித்தாலோ, டிரெய்லர் சாதாரணமாக ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் மிதிக்கும்போதுதான் 'இல்லை' என்பது தெரியும். கன்ட்ரோலரின் விளக்கைப் பார்க்கும் பழக்கம் இல்லாத டிரைவருக்கு அது மிகவும் லேட்.

டிரெய்லர் கழன்று ஓடினால் என்ன செய்வது என்பதற்கு இதிலும் வழி இருக்கிறது. டிரெய்லரில் ஒரு சின்ன பேட்டரியும், லாரியோடு கட்டிய ஒரு கம்பியும் இருக்கும். கம்பி இழுபட்டு பின் வெளியே வந்தால், பேட்டரி பிரேக்கைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. ஆனால் அந்த பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று யார் தினமும் பார்ப்பது?

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. எலக்ட்ரிக் பிரேக் பார்க்கிங் பிரேக் ஆகாது. காந்தம் வேலை செய்ய டிரம் சுற்ற வேண்டும். நிற்கும் வண்டியில் அது சுற்றாது. பேட்டரியும் இறங்கிக்கொண்டே இருக்கும். பொக்லைனை ஏற்றி இறக்கும் நேரம்தான் இந்தத் தொழிலில் பயங்கரமான நேரம். 20 டன் இயந்திரம் சாய்தளத்தில் ஏறும்போது டிரெய்லரைப் பின்னால் தள்ளும். ஸ்பிரிங் பிரேக் பிடித்த டிரெய்லர் அந்தத் தள்ளலைத் தாங்கும். எலக்ட்ரிக் பிரேக் டிரெய்லர் கைபிரேக்கையும் கட்டையையும் மட்டும் நம்பி நிற்க வேண்டியிருக்கும்.

சமவெளிக்கு ஒரு கணக்கு, இறக்கத்துக்கு வேறு கணக்கு

'நம்ம ஊர் சமவெளிதானே, சாதாரண பிரேக் போதாதா?' என்று கேட்கலாம். நெடுஞ்சாலையில் நேராகப் போய் ஒருமுறை நிறுத்துவதற்கு எந்த நல்ல பிரேக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சோதனை வருவது இறக்கத்தில்தான்.

40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், பிரேக்கும் இன்ஜினும் சேர்ந்து விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 3.9 கோடி ஜூல். 60 கி.மீ. வேகத்தில் ஒருமுறை நிறுத்துவதைப் போல ஏழு மடங்கு. இறங்கும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் இதே அளவு. இன்ஜின் பிரேக் உதவாவிட்டால் மொத்தச் சூடும் டிரம்மில்தான் ஏறும். சூடு ஏறினால் டிரம் விரியும், லைனிங் வழுக்கும். ஏர் பிரேக்கில் தண்டு இன்னும் நீளமாக நகர வேண்டி வந்து, கடைசியில் எட்டாமல் போகும். எலக்ட்ரிக் பிரேக்கில் சூடான காந்தத்தின் பிடி தளரும். தொடர்ந்து இறங்கும்போது இரண்டுமே தோற்கலாம். எது முதலில் தோற்கும் என்பதுதான் கேள்வி. பெரிய டிரம்மும் அகலமான லைனிங்கும் உள்ள கனரக ஏர் பிரேக் அச்சு அதிக நேரம் தாங்கும்.

திண்டுக்கல்லைத் தொட்டுப் போகும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் இருக்கிறது. 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதி, நான்கு பேர் உயிரிழந்தார்கள். அந்த இறக்கத்தில் விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு இறங்குவது அங்கே பெரிய ஆபத்து என்று அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் தரும் பிடி போய்விடும். எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில். வடக்கே இருந்து இயந்திரம் ஏற்றி திண்டுக்கல்லுக்கு வரும் டிரெய்லர் இந்தக் கணவாயைத் தாண்டித்தான் வர வேண்டும். மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை. குவாரிப் பாதைகளும் ரயில்வே மேம்பாலங்களும் வேறு. 'சமவெளி' என்பது ஊரின் நடுப்பகுதிக்கு மட்டும்தான் பொருந்தும்.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

டிரெய்லர்களை மொத்த எடையை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். 0.75 டன் வரை டி1, அதற்கு மேல் 3.5 டன் வரை டி2, 10 டன் வரை டி3, அதற்கும் மேல் டி4. பிரேக் பற்றிப் பேசுவது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 96-வது விதி. 20 டன் பொக்லைனைத் தூக்கும் எந்த டிரெய்லரும் டி4-தான். அந்த உலகம் முழுக்க ஏர் பிரேக்கின் ராஜ்யம்.

அதற்கு விதி மட்டும் காரணம் இல்லை, பழக்கமும் ஒரு காரணம். சென்னையில் 1962-ல் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கப்பட்ட சுந்தரம்-கிளேட்டன், இந்திய லாரிகளுக்கு ஏர் பிரேக்கைக் கொண்டுசேர்த்த முக்கிய நிறுவனம். அந்தப் பிரிவுதான் பின்னாளில் வாப்கோ இந்தியா ஆகி, இன்று ஜெர்மனியின் இசட்எஃப் குழுமத்தில் இருக்கிறது. அறுபது வருஷமாக ஊறிய தொழில்நுட்பம் என்பதால் நாமக்கல், சங்ககிரி, திண்டுக்கல் எங்கே வண்டி நின்றாலும் டயாஃப்ரமோ, ஹோஸோ, வால்வு கிட்டோ கிடைக்கும். கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். எலக்ட்ரிக் பிரேக் காந்தம் ராத்திரி பத்து மணிக்கு வேடசந்தூர் பக்கம் பழுதானால் யாரைக் கூப்பிடுவது?

வோல்டேஜும் ஒத்துப்போகாது. எலக்ட்ரிக் பிரேக் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்குச் செய்யப்படுகிறது. நம் கனரக லாரிகள் ஓடுவது 24 வோல்ட்டில். இதைக் கவனிக்காமல் நேரடியாக மாட்டினால் காந்தம் கருகிவிடும்.

எலக்ட்ரிக் வேறு, எலக்ட்ரானிக் வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சில விற்பனையாளர்கள் 'எலக்ட்ரானிக் பிரேக் சார்' என்பார்கள். அவர்கள் சொல்வது இபிஎஸ். அதிலும் சக்கரத்தை நிறுத்துவது காற்றுதான். 'பிரேக் பிடி' என்ற தகவல் மட்டும் காற்றுக்குப் பதில் வயரில் போகிறது. அதனால் தாமதம் குறைகிறது, எல்லா அச்சும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. வயர் அறுந்தாலும் காற்றுக்குழாய் வழியாகப் பழைய முறையில் பிரேக் வேலை செய்யும்.

அதேபோல ஏபிஎஸ் என்பதும் ஏர் பிரேக்குக்கு மாற்று இல்லை, அதற்குத் துணை. சக்கரம் லாக் ஆகி வழுக்குவதைத் தடுப்பது அதன் வேலை. இந்தியாவில் 2015 முதல் புதிய கனரக லாரி, பஸ்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். டிரெய்லருக்கு இதன் பயன் லோடு இல்லாதபோதுதான் நன்றாகத் தெரியும். பொக்லைனை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, மழை ஈரத்தில் பிரேக் மிதித்தால் லேசான டிரெய்லரின் சக்கரம் சட்டென்று லாக் ஆகி, வால் வீசும்.

ஆக, பெரிய டிரெய்லர் வாங்குபவர் கேட்க வேண்டியது 'ஏரா, எலக்ட்ரிக்கா' என்பதே இல்லை. 'ஏர் பிரேக்கில் ஏபிஎஸ் இருக்கிறதா, வேலை செய்கிறதா' என்பதுதான்.

சரி, யாருக்கு எது?

* 20 டன் பொக்லைன், ரோலர், பேவர் ஏற்றுபவர்கள்: யோசிக்கவே வேண்டாம், ஏர் பிரேக். எல்லா அச்சிலும் பிரேக், ஸ்பிரிங் பிரேக், ஏபிஎஸ் மூன்றும் சேர்ந்து.
* 7, 8 டன் இயந்திரம்: டிரெய்லரையும் சேர்த்தால் 10 டன்னைத் தாண்டும். இழுக்கும் லாரியிலும் காற்று இருக்கும். இதற்கும் ஏர் பிரேக்தான் சரி. பலர் செய்வதுபோல இயந்திரத்தை நேராக ஒரு லாரியிலேயே ஏற்றிப் போவது இன்னும் எளிது.
* 2, 3 டன் மினி பொக்லைன்: எலக்ட்ரிக் பிரேக்குக்கு நியாயமான இடம் இதுதான், காகிதத்தில். இழுக்கும் வண்டி அந்த எடையை இழுக்க அனுமதி பெற்றதா, டிரெய்லர் முறையான ஒப்புதலோடு ஆர்டிஓ-வில் பதிவானதா, உதிரி பாகம் கிடைக்குமா என்ற மூன்று கேள்விக்கும் 'ஆமாம்' என்றால் மட்டும். இல்லையென்றால் டிரெய்லர் ஆசையை விட்டுவிட்டு, சின்ன லாரியில் ஏற்றுவதே நல்லது.
* டிராக்டர் டிரெய்லரில் இயந்திரம்: இது தேர்வே இல்லை. கிராமங்களில் ஓடும் பல டிராக்டர் டிரெய்லர்களில் எந்த பிரேக்கும் கிடையாது. நெல் மூட்டைக்கும் கரும்புக்கும் செய்த வண்டியில் மினி பொக்லைனை ஏற்றினால், மொத்தப் பாரத்தையும் டிராக்டரின் பின் சக்கரங்கள்தான் நிறுத்த வேண்டும்.

நல்ல பிரேக்கைக் கெடுப்பது யார்?

ஏர் பிரேக் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. பழுதாகி லாக் ஆன ஸ்பிரிங் பிரேக்கை போல்ட் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு 'ஊர் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டுவது, லைனிங் தேயாமல் இருக்க டிரெய்லர் பிரேக்கை அடைத்து வைப்பது, ஸ்லாக் அட்ஜஸ்டரை மாதக்கணக்கில் தொடாமல் விடுவது... இவை எல்லாமே அந்த பாதுகாப்பு ஏற்பாட்டைக் கையால் கழற்றிப் போடுவதற்குச் சமம். அப்புறம் காற்று போனாலும் வண்டி நிற்காது.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் போதும்:

1. டேங்கின் வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றவும். அழுத்தப்பட்ட காற்றில் ஈரம் சேரும். அது வால்வைத் துருப்பிடிக்க வைக்கும்.
2. காற்றை முழுசாக ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி மீட்டரைப் பார்க்கவும். முள் வேகமாக இறங்கினால் எங்கோ லீக்.
3. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் டிரெய்லரின் ஒவ்வொரு சேம்பர் தண்டும் ஒரே அளவு நகர்கிறதா என்று பார்க்கவும்.
4. கட்டை போட்ட நிலையில் சிவப்பு ஹோஸைக் கழற்றிப் பார்க்கவும். டிரெய்லர் பிரேக் தானே பிடிக்க வேண்டும்.
5. நகர்ந்ததும், கூட்டம் இல்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் ஒருமுறை மிதித்துப் பார்க்கவும்.

கனரக வாகனங்களுக்கு எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். ஆனால் எஃப்சி சொல்வது அன்றைய நிலைமையை மட்டும்தான். அடுத்த 364 நாளுக்கும் பொறுப்பு முதலாளிக்கும் டிரைவருக்கும்தான். வாடகைக்கு டிரெய்லர் பிடிக்கும் கான்ட்ராக்டரும் 'எவ்வளவு ரேட்?' என்பதோடு 'டிரெய்லர் பிரேக் எல்லா அச்சிலும் வேலை செய்யுதா?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

பின்னால் காரில் வருபவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. லோடு ஏற்றிய டிரெய்லருக்கு முன்னால் இருக்கும் இடைவெளி காலியிடம் இல்லை. அது அந்த டிரைவர் நிறுத்துவதற்காக விட்டு வைத்த தூரம். ஓவர்டேக் செய்துவிட்டு அந்த இடத்தில் புகுந்து பிரேக் அடித்தால், காற்றானாலும் கரண்டானாலும் 40 டன்னை அங்கே நிறுத்த முடியாது.